டேங்க் பண்ட்

1983 மார்கழியில் அப்பா முதல்முறையாகச் சிகந்திராபாத் வந்தார். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு முப்பது வருஷம் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். பத்மாராவ் நகரிலிருந்து அவரை அபிட்ஸ் கூட்டிப் போனேன். நடுவழியில் கண்டக்டர் "டேங்க் பண்ட், டேங்க் பண்ட்" என்று குரல் கொடுத்தார். அப்பா ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே பார்த்தார். அவருக்குத் தெரிந்த டேங்க், பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் நாலு தூண்மேல் நிற்பது.

"எங்க தாயி டேங்கு?"

கண் முன்னால் விரிந்து கிடந்த ஹுசேன் சாகரைக் காட்டினேன்.

"இதுவா? இது கண்மாய்ல!"

இறங்கியே ஆக வேண்டும் என்றார். இறங்கி நடந்தோம். சுற்றுலா வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். அப்பா கரையைப் பார்த்தார். மடை எங்கே, கலுங்கு எங்கே, மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்று தேடிக்கொண்டே வந்தார். கடைசியில் என்னைக் கேட்டார்: "இது குடிக்கிற தண்ணியா, பாய்ச்சுற தண்ணியா?" நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். டேங்க் என்ற சொல்லைத் தினமும் புழங்குபவள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சொல்லுக்குள்ளும் பதில் இல்லை.

எங்கள் சீமையில் பெயரைச் சொன்னாலே வேலை தெரிந்துவிடும். கண்மாய் என்றால் வயலுக்கு. ஊருணி என்றால் குடிக்க. அதில் கால் நனைத்தால் பெரியவர்கள் விரட்டுவார்கள். தெப்பக்குளம் சாமிக்கு. குட்டை மாட்டுக்கு. ஏந்தல் என்றால் சின்னக் கண்மாய். வடக்கே போனால் ஏரி, தாங்கல். திருநெல்வேலிப் பக்கம் பாசனத்துக்கும் குளம்தான். இத்தனையையும் வெள்ளைக்காரனின் ரெவின்யூ கணக்கு ஒரே சொல்லில் எழுதிவைத்தது: டேங்க். கோயில் குளமும் டேங்க், ஆயிரம் ஏக்கர் பாயும் ஏரியும் டேங்க். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பெயர் போனால் அந்தத் தண்ணீரை எப்படிக் காக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் கூடவே போய்விடும்.

டேங்க் என்ற அந்தச் சொல் இங்கிலாந்தில் பிறந்ததும் அல்ல. குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் மழைநீரைத் தரைக்கடியில் சேர்த்துவைக்கும் தொட்டிக்கு 'டாங்க்கா' என்று பெயர். மார்வாடில் இன்றும் பல வீடுகளில் உண்டு. போர்ச்சுகீசியர் வந்தபோது அவர்களிடம் 'டாங்கே' என்ற சொல் இருந்தது. தேங்கிய நீரைக் குறிக்கும் 'ஸ்டாக்னும்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது அது என்பார்கள். இரண்டும் மேற்குக் கரையில் சந்தித்துக்கொண்டன. ஆங்கிலேயர் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதிட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஏறிய இந்தியச் சொற்களுக்கென்றே 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியும் இதைப் பேசுகிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். என் மனசுக்குப் படுவது, இரண்டு ஓடைத் தண்ணீரும் ஒரே கண்மாயில் சேர்ந்தது போலத்தான் இது. நம் தாங்கலையும் இதோடு முடிச்சுப் போட ஆசை வரும். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடுவது சரியல்ல.

பண்ட் என்பது பாரசீக 'பந்த்', அதாவது அணை, கரை. கட்டுதல் என்பதுதான் வேர்ப்பொருள். கடையடைப்பைப் பத்திரிகைகள் 'பந்த்' என்கின்றனவே, அதுவும் இந்த வேர்தான். நாம் சொல்லும் சொந்தபந்தமும் அதுவே. ஷாங்காய் நகரத்து ஆற்றங்கரைச் சாலைக்கும் ஆங்கிலேயர் இந்தச் சொல்லைத்தான் வைத்தார்கள்.

இனி ஹுசேன் சாகர். 1562 வாக்கில், இப்ராஹிம் குலி குதுப் ஷாவின் ஆட்சியில், ஹுசேன் ஷா வலி என்ற சூஃபி பெரியவரின் மேற்பார்வையில் வெட்டியது. ஹைதராபாத் நகரம் உருவானதே 1591இல்தான். அதாவது நகரத்துக்கு மூத்தது இந்த ஏரி. அரசர் தன் பெயரை வைக்க நினைத்தும், மக்கள் வாயில் வெட்டியவர் பெயரே நின்றுவிட்டது என்று இங்கே கதை சொல்வார்கள். மூசி ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பாய்ச்சவும் செய்தார்கள், நகரத்து மக்கள் குடிக்கவும் செய்தார்கள். அப்பா கேட்டதற்குப் பதில் இரண்டும்தான். ஹைதராபாத்தை ஆண்ட நிஜாமோடு செய்த 1798 உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேயப் படை இந்த ஏரிக்கு வடகிழக்கே கூடாரம் அடித்தது. 1806இல் அந்த இடம் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் சிகந்திராபாத் ஆனது. படை தங்கிய கன்டோன்மென்டிலிருந்து, கோட்டியில் ஆங்கிலேயப் பிரதிநிதி இருந்த ரெசிடென்சிக்குப் போக ஏரிக்கரைதான் வழி. தெலுங்கில் 'செருவு கட்ட' என்று சொல்லக்கூடிய கரை டேங்க் பண்ட் ஆனது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

டேங்க் என்ற அதே சொல்தான் பிறகு முதல் உலகப் போருக்குப் போனது. 1915 பிப்ரவரியில், பிரிட்டிஷ் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், பதுங்குகுழிகளைத் தாண்டும் இரும்பு வண்டி செய்ய ஒரு குழு அமைத்தார். 1896இல் இளம் ராணுவ அதிகாரியாக ஹைதராபாத் வந்து, போலோ ஆட்டத்தில் கோல்கொண்டா கோப்பை வென்ற அணியில் ஆடியவர் அவர். லிங்கன் நகரத் தொழிற்சாலையில் வண்டி உருவானது. ரகசியம் வெளியே போகாதிருக்க, பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் டேங்க் என்ற மறைபெயர் நிலைத்தது. 1916 செப்டம்பர் 15ஆம் தேதி, பிரான்சில் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக அது இறங்கியது.

அதே சோம் களத்தில், இரண்டே மாதத்துக்கு முன், ஜூலை 14ஆம் தேதி, ஈட்டி ஏந்திக் குதிரையில் பாய்ந்த படைகளில் ஒன்று டெக்கான் ஹார்ஸ். நிஜாமின் குதிரைப்படையாகத் தொடங்கிய படைப்பிரிவு அது. இதைப் படித்த அன்று வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தக்காணத்துக் குதிரைக்காரர்கள் எந்த மண்ணில் விழுந்தார்களோ, அந்த மண்ணிலேயே நம் ஊர்த் தண்ணீர்த்தொட்டியின் பெயரோடு ஒரு கொலைக்கருவி உருண்டிருக்கிறது. டெக்கான் ஹார்ஸும் பிறகு குதிரையை விட்டு டாங்கிப் படை ஆனது. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் கேம்கரன் பக்கம் டாங்கிகளோடு சண்டையிட்டது. அதே 1965இல் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியும் இருக்கிறது.

தமிழ் ஒரு நல்ல காரியம் செய்தது. போர்க்களத்து வண்டியை டாங்கி என்று பிரித்துவிட்டது. தண்ணீருக்கு டேங்க், சண்டைக்கு டாங்கி. ஆங்கிலத்துக்கே இந்த வசதி இல்லை. அங்கே பெட்ரோல் சேர்வதும் டேங்க், குடிகாரனை அடைத்துவைக்கும் லாக்கப்பும் டேங்க், வேண்டுமென்றே ஆட்டத்தில் தோற்பதும் டேங்க். பிள்ளைகள் போடும் கையில்லாத பனியனுக்கு டேங்க் டாப் என்ற பெயர், நீச்சல்குளத்துக்கு டேங்க் என்ற பேர் இருந்ததால் வந்தது.

டேங்க் பண்டின் ஓரத்தில் 1986இல் அப்போதைய முதலமைச்சர் என்.டி. ராமராவ் வைத்த சிலைகளில் ஆர்தர் காட்டன் சிலையும் ஒன்று. கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிய அந்த இன்ஜினியரின் தொழிலில், அணைக்குப் பெயர் 'அனிகட்'. நம் அணைக்கட்டு அப்படியே ஆங்கிலம் ஆகியிருக்கிறது. கல்லணையை அவர்கள் கிராண்ட் அனிகட் என்றார்கள். அணைக்கட்டுக்குக் கிடைத்த அந்த மரியாதை கண்மாய்க்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஓய்வு பெற்ற பிறகு மெஹதிப்பட்டணம் போகும்போதெல்லாம் மாசாப் டேங்க் வழியாகப் போகிறேன். மேம்பாலம், ஆஸ்பத்திரிகள், ஒரு பூங்கா. ஹைதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷாவின் மகள் ஹயாத் பக்ஷி பேகம். சுல்தானின் மனைவி, சுல்தானின் தாய். மக்கள் அவரை 'மா சாஹிபா' என்று அழைத்தார்கள். அவர் பெயரால் இங்கே இருந்த ஏரி மா சாஹிபா தாலாப். தாலாப் போய் டேங்க் வந்தது, மா சாஹிபா தேய்ந்து மாசாப் ஆனார். கடைசியில் தண்ணீரும் போனது. இன்று பஸ் போர்டில் டேங்க் என்ற எழுத்து மட்டும் இருக்கிறது.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் பக்கத்தில் டேங்க் என்று முடியும் தெருவோ நிறுத்தமோ இருக்கலாம். அங்கே முன்பு இருந்தது ஏரியா, ஊருணியா, குளமா என்று வயசானவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அப்பா 1991இல் போய்விட்டார். எங்கள் கண்மாயின் ஏழு மடைகளுக்கும் தனித்தனிப் பேர் உண்டு என்பார். நான் கேட்டு எழுதிக்கொண்டது நாலுதான்.