1,285 வோட்டுக்கள்

"காமராஜரையே தோற்கடித்த ஊர்தானே உங்களுடையது?"

விருதுநகர்க்காரன் என்று சொன்னவுடனே வெளியூர் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. இளம் வயதில் இதைக் கேட்டால் எனக்குத் தலை குனிந்துவிடும். ஏதோ நானே போய் அந்தப் பெரியவருக்கு எதிராக முத்திரை குத்தியதுபோலக் குன்றிப் போவேன். இப்போது அப்படிக் குன்றுவதில்லை. அதற்குக் காரணம் என் பாட்டி. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய சங்கதி சொல்லியாக வேண்டும்.

வோட்டு என்பது நம் முன்னோர்களுக்குக் கைக்கெட்டாத பண்டமாக இருந்தது. 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, சுமார் 4 கோடி ஜனங்களில் வோட்டுரிமை பெற்றிருந்தவர்கள் ஏறக்குறைய 12½ லட்சம் பேர்தான். நிலமும் வீடும் வரி ரசீதும் உள்ளவனுக்கே அந்தப் பாக்கியம். விருதுநகர் நகரசபைத் தேர்தலில் காமராஜர் நிற்க விரும்பியபோது அவர் பெயரில் வரி கட்டச் சொத்து ஏதும் இல்லையாம். முத்துராமலிங்கத் தேவர் ஓர் ஆட்டை வாங்கி அவர் பெயரில் வரி கட்டினாராம். எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. மனிதனுக்கு இல்லாத யோக்கியதை ஆட்டுக்கு இருந்த காலம் அது!

அந்த நிலையை மாற்றத்தான் காமராஜரைப் போன்றவர்கள் சிறைக்குப் போனார்கள். 1951-52 பொதுத் தேர்தலில், 21 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வோட்டு வந்தது. சொத்தும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். 17 கோடிக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறின. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த என் பாட்டியும் அவர்களில் ஒருத்தி.

பிறகு 1967 வந்தது. நாட்டுக்கு இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில் முன்னின்ற காமராஜர், சொந்த ஊரில் அபேட்சகராக நின்றார். எதிரே நின்றவர் பெ. சீனிவாசன், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியிலிருந்து வந்த மாணவர் தலைவர். அரிசிப் பஞ்சம் வீட்டுக்கு வீடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க.வின் பேச்சு பெண்கள் காதில் தேனாகப் பாய்ந்தது. மாநிலம் முழுவதும் நூற்றுக்கு 76 பேருக்கு மேல் வந்து வோட்டுப் போட்டார்கள். விருதுநகரில் எண்ணிப் பார்த்தபோது சீனிவாசனுக்கு 33,421, காமராஜருக்கு 32,136. வித்தியாசம் 1,285.

எங்கள் தாத்தா வற்றல் மண்டியில் கணக்குப்பிள்ளை. கதர் தவிர வேறு உடுத்தாதவர். அன்று இரவு அவர் சாப்பிடவில்லையாம். பாட்டியும் சாப்பிடவில்லை. இருவருக்கும் ஒரே துக்கம் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள்.

தாத்தா காலமாகிப் பல வருஷம் கழித்து, நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, பாட்டி ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஏலே ராசா, நான் சூரியன்லதான் குத்தினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் பாட்டி?"

"அரிசிக்காகக் கால் கடுக்க நின்னேன். ஒரு குரோஸ் பெட்டி ஒட்டினாக் கெடைக்கிற கூலி ஒரு நேரக் கஞ்சிக்குப் பத்தலை. ஐயாவுக்கு அது தெரியட்டும்னு குத்தினேன். அவுக தோக்கணும்னு குத்தலைப்பா."

அப்புறம் வெகுநேரம் அவள் பேசவில்லை.

நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியனில் குத்தியவர்களில் 643 பேர் மட்டும் இரட்டைக் காளையில் குத்தியிருந்தால் முடிவு மாறியிருக்கும். அந்தப் பக்கம் போனவர்களில் என் பாட்டியைப் போல, 'தெரியட்டும்' என்று மட்டும் நினைத்தவர்கள் எத்தனை பேரோ! பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்த அந்த வீழ்ச்சிக்குப் பின்னால், ஒரு பெண்பிள்ளையின் கஞ்சிப் பானையும் இருந்தது.

இதை நன்றிகெட்டதனம் என்பவர்கள் உண்டு. யுத்தத்தில் ஜெயித்துக் கொடுத்த சர்ச்சிலின் கட்சியை 1945-இல் இங்கிலாந்து மக்கள் ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். அவர்களை யாரும் நன்றிகெட்டவர்கள் என்று ஒதுக்கவில்லை. நன்றி வேறு, வோட்டு வேறு. நன்றியைக் கைகூப்பிச் சொல்லலாம். குறையைச் சொல்ல ஏழைக்கு அந்த ஒரு சீட்டுத்தான் இருக்கிறது. அந்தச் சீட்டை அவள் கையில் கொடுக்கப் போராடியவர்களில் ஒருவருக்கு எதிராகவே அவளால் அதைப் பயமில்லாமல் பயன்படுத்த முடிந்தது. காமராஜரின் பெருமைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1969-இல் நாகர்கோவில் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அந்தச் செய்தி வந்த அன்று பாட்டி வீட்டில் பாயசம் வைத்தாளாம். என்ன விசேஷம் என்று தாத்தா கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

தேர்தல் நாளன்று பாட்டி ஒருபோதும் பெட்டி ஒட்ட உட்கார்ந்ததில்லை. ஒருநாள் கூலி போனாலும் போகட்டும் என்று முதல் ஆளாக வரிசையில் போய் நிற்பாள். பசை படிந்த விரலில் வைத்த மையை, சாகும்வரை அவள் தேய்த்துக் கழுவியதே இல்லை.