கொக்கி ஊசியும் கூலியும்: தென்தமிழகத் திருச்சபையில் பின்னல் வேலையின் வரலாறு

அறுப்பின் பண்டிகை விற்பனைக்கெனப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கொண்டுவரும் பொருள்களுள் கொக்கி ஊசியால் பின்னிய திண்டு உறை ஒன்றேனும் இருத்தல் நம் சபைகளில் வழக்கம். அழகிய கைவேலை என்று அதனைப் பாராட்டுகிறோம். ஆயினும் இவ்வகைக் கைவேலைக்குத் தென்தமிழகத்தில் ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாறு கூலியோடும் பெண்கல்வியோடும் அடிமைத்தன ஒழிப்போடும் தொடர்புடையது என்பதையும் சபைச் சரித்திரம் கற்போர் போதிய அளவு கவனித்ததாகத் தோன்றவில்லை.

முதலில் வேலையின் தன்மையை அறிதல் நலம். 'குரோஷா' என வழங்கும் இப்பின்னலுக்குக் கொக்கி ஊசியும் நூலும் போதும். ஒரு கண்ணிக்குள் மறு கண்ணியை இழுத்துச் சங்கிலியாக்கி வரிசை வரிசையாக வளர்ப்பர். மேடுபட்ட பின்னல் வேண்டுமாயின், ஒரே கண்ணியில் ஐந்து நெடும்பின்னல்களைப் போட்டு, ஊசியைக் கழற்றி, முதற்பின்னலின் தலைக்குள் நுழைத்து, விட்ட கண்ணியை அதன் வழியே இழுக்க வேண்டும். அப்பொழுது ஐந்தும் ஒன்றுகூடி மொட்டுப்போல் புடைத்து நிற்கும். இத்தகைய சதுரங்களை இணைத்தே திண்டு உறை ஆக்குவர். சமமான பின்னலைவிட இதற்கு நூலும் நேரமும் மிகுதி. வாங்குவோர் கண்ணுக்கு மொட்டு தெரியும்; அதில் சென்ற மணிநேரம் தெரியாது. கூலியைப் பற்றிய வினா இங்கேயே தொடங்குகிறது.

நம் பகுதியில் முதலில் வேரூன்றியது குரோஷா அன்று. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் லேஸ் வேலையே. இலண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயரும் அவர்தம் துணைவியார் மார்த்தா அம்மையாரும் 1819இன் இறுதியில், அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்குட்பட்டிருந்த நாகர்கோவிலுக்கு வந்தனர். அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி தொடங்கி, எழுத்தோடும் வாசிப்போடும் லேஸ் வேலையையும் கற்பித்தார். லேஸ் விற்ற பணம் பள்ளியைத் தாங்கியது. அப்பள்ளியில் அடிமைகளாயிருந்தோரின் பிள்ளைகளும் பயின்றனர். அவர்களுள் சிலர் தம் கைவேலையால் ஈட்டிய பொருளைக் கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை அரசாணையால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டிலேயே என்பதை நோக்கின், இதன் பொருள் விளங்கும். அரசு விடுவிக்குமுன் நூல் விடுவித்தது.

இதனோடு மற்றொன்றையும் சேர்த்துக் காணல் வேண்டும். அதே நாட்டில் நாடார் முதலிய சமூகப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்த 1859ஆம் ஆண்டு அரசாணையும் மேற்சாதிப் பெண்கள் அணிந்த முறையில் அணியக்கூடாது என்னும் வரம்போடுதான் வந்தது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்தணிக்கு நுண்ணிய லேஸ் பின்னிய கைகள், தம் தோள்மேல் ஒரு துணியிடுவதற்கு அரசின் உத்தரவை எதிர்நோக்கியிருந்தன.

நாகர்கோவிலிலேயே 1822இல் பிறந்து, தமிழ் பேசி வளர்ந்த மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். அங்கும் பெண்களுக்குப் பள்ளி நடத்தி லேஸ் வேலையைப் பரப்பினார். இவ்வாறு அக்கலை திருவிதாங்கூர் எல்லையைக் கடந்து நம் திருமண்டலப் பகுதிக்குள் நுழைந்தது.

குரோஷாவின் வழி சற்று வேறு. அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது அது துயர்தீர்ப்பு வேலையாகப் பரவியது. திண்டும் கட்டைகளும் வேண்டாத அவ்வேலையை அடுப்படியிலிருந்தும் செய்யலாம். இவ்வசதியே அதன் இடராகவும் ஆயிற்று. நாகர்கோவில் மாணவியர் ஓரிடத்தில் கூடியிருந்தனர். வேலையும் படிப்பும் ஒன்றாக நடந்தன. கொக்கி ஊசியோ பெண்களைத் தனித்தனி வீடுகளில் அமர்த்திவிடக்கூடும். ஆந்திரத்தின் நரசாப்பூரில் இதுவே நிகழ்ந்தது. அவ்வட்டாரத்திலும் மிஷனெரிகள் வழியாகப் பரவிய லேஸ் வேலை பின்னர் வணிகர் கைக்குச் சென்றது. ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் அங்குள்ள பெண்களை ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட நூல், நாள்தோறும் பல மணிநேரம் பின்னிய பெண்களை ஏற்றுமதியாளர் ஓய்வுநேரம் போக்கும் இல்லத்தரசிகளாகவே கருதினர் என்று காட்டியது. வேலை வேலையாக எண்ணப்படாதபோது கூலியும் கூலியாகக் கொடுக்கப்படுவதில்லை.

சங்கரன்கோவில் போன்ற நெசவூர்களில் ஊழியம் செய்வோர்க்கு இது புதிதன்று. தறியில் நெய்பவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. அவருக்காகத் தார் சுற்றிக் கொடுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் தனிக்கணக்கு இருப்பது அரிது. அது வீட்டுவேலை என்றே சொல்லப்படும்.

எனவே கைவேலை பெண்ணை விடுவிக்கும் என்று பொதுவாகக் கூறிவிடல் போதாது. அதன் விலை யார் கையை அடைந்தது, அவ்வேலை வேலையாக எண்ணப்பட்டதா என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை கண்டபின்பே அதனை விடுதலை என்றோ சுமை என்றோ சொல்ல இயலும். விலை தம் கையை அடைந்தபோது நாகர்கோவில் பிள்ளைகள் விடுதலை பெற்றனர். நரசாப்பூர்ப் பெண்களின் உழைப்போ பிறருக்குச் செல்வமாயிற்று.

யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல், அகோலியாப் என்னும் கைவினைஞரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 35ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்திற்கென நூல் நூற்ற ஸ்திரீகளைப் பற்றிக் கூறப்பட்டுள்ளது, பெயர்கள் இல்லை. நம் சபைச் சரித்திரமும் இவ்வாறே அமைந்துள்ளது. மால்ட் அம்மையாரையும் கால்டுவெல் அம்மையாரையும் நாம் அறிவோம். பின்னி விடுதலையடைந்த பிள்ளைகளின் பெயர்களை நம் நூல்கள் சொல்வதில்லை. இறையியல் மாணவர்கள் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் பள்ளிக் குறிப்புகளையும் புரட்டும்போது இப்பெயர்களையும் தேடுவாராக. சபைக் குருமார், கைவேலைப் பொருளுக்கு விலை குறிக்கும் நாளில், நூலின் விலையோடு அதைப் பின்னியவர் செலவிட்ட மணிநேரத்தையும் கேட்டு எழுதுவாராக.