கறுப்பு வெளுத்த வரலாறு

ஒரு மோட்டார் வண்டியின் வயதை அறிய விரும்புகிறவர்கள் எஞ்சினின் ஓசையையோ மேற்பூச்சின் பளபளப்பையோ கவனிப்பது வழக்கம். ஆனால் பழகிய கண்ணுடைய ஷெட்காரர்கள் முதலில் பார்ப்பது முன்னும் பின்னும் உள்ள கறுப்பு பம்பரையும், கதவோரத்துப் பீடிங்கையும், வைப்பருக்குக் கீழே கண்ணாடியின் அடிவரம்பை மூடிக்கிடக்கும் பிளாஸ்டிக் தட்டையுமே ஆகும். வர்ணப் பூச்சை மெருகேற்றிப் புதியதுபோலக் காட்டிவிடலாம். சாம்பல் பூத்து நிற்கும் கருவிளிம்போ அந்த வண்டி எத்தனை கோடைகளை வெட்டவெளியில் கழித்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடும். அந்தக் கருவிளிம்பு, பராமரிப்பு என்னும் கடமையிலிருந்தே மனிதனுக்கு விடுதலை அளிப்பதாக வாக்குறுதி கொடுத்துக்கொண்டு வந்தது. அவ்வாக்குறுதி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு பொய்த்தது, பொய்த்த பிறகு மனிதன் எவ்வாறு தன் பழைய கடமைக்கே திரும்பினான் என்பதே இதன் சரித்திரம்.

மோட்டார் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இக்கதை தொடங்கிவிட்டது. மேலை நாடுகளில் செல்வந்தர்கள் ஏறிச்சென்ற சாரட்டு வண்டிகளின் மேற்கூடு பெரும்பாலும் கறுப்புத் தோலால் ஆனது. அத்தோல் மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் வெடித்து வெளிறிப் போகாதிருக்க, மாட்டின் குளம்பெலும்பிலிருந்து காய்ச்சியெடுத்த எண்ணெயில் விளக்குப் புகைக்கரியைக் குழைத்து லாயக்காரர்கள் தேய்த்து வந்தார்கள். எண்ணெய் நெகிழ்ச்சியைத் தந்தது, கரி நிறத்தைத் தந்தது. சென்னையில் வண்டி கட்டும் தொழிலில் பெயர்பெற்ற சிம்ப்சன் கம்பெனியில் 1903-ஆம் ஆண்டு சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவி மோட்டார் வண்டி ஒன்றை உருவாக்கினார். குதிரை வண்டி கட்டிய கைகளே மோட்டார் வண்டியையும் கட்டின என்பதற்கு நம் ஊரிலேயே கிடைக்கும் சான்று அது. கைகள் மாறாதபோது கைப்பழக்கமும் மாறுவதில்லை. எண்ணெயும் கரியும் மோட்டார் யுகத்துக்குள்ளும் தொடர்ந்து வந்தன.

மோட்டாரின் முதல் கறுப்பு ஃபோர்டு கம்பெனியின் 'மாடல் டி' வண்டியோடு உலகெங்கும் பரவியது. 1908-இல் வெளிவந்தபோது வேறு நிறங்களில் கிடைத்த அந்த வண்டி, 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒன்றிலேயே விற்கப்பட்டது. நிலக்கீல் கலந்து உலையில் சுட்டு இறுக்கிய அந்தப் பூச்சு விலை மலிவும் நீண்ட உழைப்பும் ஒருங்கே உடையதாக இருந்தமையே அதற்குக் காரணம். அதே காலத்தில் சக்கரங்களிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. துத்தநாகச் சுண்ணம் கலந்தமையால் வெண்மையாக இருந்த ஆதிகாலத்து டயர்கள் விரைவில் தேய்ந்து போயின. லண்டன் நகரின் சில்வர்டவுன் ஆலையில் 1904-இல் எஸ். சி. மோட் என்னும் ரசாயன அறிஞர் புகைக்கரியைக் கலந்து பார்த்தபோது, ரப்பரின் உறுதி வியக்கத்தக்க அளவில் உயர்வதைக் கண்டார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனி இம்முறையைக் கைக்கொள்ள, டயர் கறுப்பாயிற்று. பின்னர் கறுப்பாகவே நிலைத்துவிட்டது. சாரட்டுக் கூட்டில் மேலே தேய்க்கப்பட்ட புகைக்கரி, இப்போது பொருளின் உள்ளேயே புகுந்து அதன் உடம்போடு ஒன்றாகிவிட்டது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிற்காலத்துப் பிளாஸ்டிக்கின் கதைக்கு அதுவே திறவுகோல்.

இதற்கிடையே வண்டியின் விளிம்புகளை வேறொரு பிரகாசம் ஆட்கொண்டது. 1920-களின் நடுவில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் முதலியோர் குரோமிய முலாம் பூசும் முறையைத் தொழிற்சாலைக்கு ஏற்றதாகச் செம்மைப்படுத்திய பின்பு, பம்பரும் கிரில்லும் விளக்கு வளையமும் வெள்ளிபோல் மின்னத் தொடங்கின. நம் நாட்டில் உத்தரப்பாராவில் செய்யப்பட்ட அம்பாசடரும், பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட்டும், சென்னைக்கு அருகே வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இந்த மரபைச் சேர்ந்தவையே. ஆனால் அந்தப் பிரகாசம் இலவசமாகக் கிடைக்கவில்லை. மேலே உள்ள குரோமியம் மிக மெல்லிய ஏடு, அதனடியில் நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு. ஒரு கல் பட்டு முலாம் பொத்துப்போனால், கடற்காற்றும் மழைநீரும் அந்தத் துளை வழியே இறங்கி உள்ளே துருவை வளர்க்கும். ஆகவே வாரந்தோறும் துணியால் துடைப்பதும், மழைக்காலத்துக்கு முன் எண்ணெய்ப் பசையை மெல்லப் பூசி வைப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றி நிக்கல் முலாம் போடும் பட்டறைக்கு அனுப்புவதும் வண்டி வைத்திருந்தவர்களின் நித்திய தர்மமாக இருந்தன.

இந்த உழைப்பிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லிக்கொண்டுதான் பிளாஸ்டிக் வந்தது. இத்தாலிய விஞ்ஞானி கியூலியோ நட்டா 1954-இல் பாலிபுரொப்பிலீனை ஒழுங்கான மூலக்கூறு அமைப்போடு உருவாக்கிக் காட்டினார். 1957-இல் ஃபெராரா நகரில் அதன் உற்பத்தி தொடங்கியது. 1963-இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் சீக்லருடன் சேர்ந்து அவர் நோபல் பரிசைப் பெற்றார். எடை குறைந்து, துருவுக்கு அஞ்சாது, அச்சில் வார்த்தால் எந்த வடிவமும் கொள்ளும் இப்பொருள் பிற்காலத்தில் பம்பரின் முதன்மையான மூலப்பொருளாயிற்று. ஆயினும் முதலடி எடுத்து வைத்தவை வேறு பிளாஸ்டிக்குகளே. 1968-இல் அமெரிக்கப் போண்டியாக் ஜிடிஓ வண்டி, சிறு மோதலில் அமுங்கிப் பழைய உருவத்துக்குத் திரும்பும் மூக்கோடு வெளிவந்தது. 1972-இல் பிரான்சின் ரெனோ 5, கண்ணாடியிழை கலந்த பாலியெஸ்டர் பம்பரைச் சாமானிய மனிதனின் சிறு வண்டிக்குக் கொண்டுவந்தது.

விஞ்ஞானம் திறந்த கதவுக்குள் தொழிலதிபர்களை உந்தித் தள்ளியது சட்டம். 1973-ஆம் ஆண்டு மாடல்கள் முதல், மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்புறம் மோதினால் விளக்கு முதலிய பாதுகாப்பு உறுப்புகளுக்குச் சேதம் வரக்கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் நிர்ப்பந்தித்தது. அடுத்த ஆண்டில் பின்புறத்துக்கும் அதே வேகம் விதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஆபிங்டனில் கட்டப்பட்டு அமெரிக்காவில் பெருவாரியாக விற்ற எம்ஜிபி என்னும் அழகிய திறந்த வண்டி, 1974-இன் பிற்பகுதியில் தன் குரோமிய பம்பர்களை இழந்து, எஃகுச் சட்டத்தின் மேல் பாலியூரெத்தேன் போர்த்த பெரிய கறுப்பு பம்பர்களை ஏற்றது. 1980-இல் உற்பத்தி நிற்கும் வரையில் அந்தக் கறுப்பு மூக்கே அதன் அடையாளமாயிற்று. அவ்வண்டியை நேசித்தவர்கள் முதலில் வருந்தியது உருவம் கெட்டதே என்று. பிறகு வருந்தியது, கருமையாக வந்த பம்பர் சில ஆண்டு வெயிலுக்குள் சாம்பல் நிறமாக வெளிறிப்போயிற்றே என்று. பராமரிப்பு வேண்டாம் என்ற வாக்குறுதி முதன்முதலாக ஊரறியப் பொய்த்த இடங்களுள் இது ஒன்று. பிற்காலத்தில் அது பொய்த்த மற்றோர் இடம் செவர்லே அவலாஞ்ச் என்னும் வண்டி. 2002-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் வெளிவந்தபோது உடம்பின் கீழ்ப்பாதி முழுவதும் பிளாஸ்டிக் கவசம் பூண்டிருந்த அவ்வண்டி, அடுத்த ஆண்டு மாடலிலேயே கவசமில்லாமலும் விற்கப்பட்டது.

நம் நாட்டுக்கு இந்த யுகம் 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800 வண்டியின் சாவி கைமாறியதோடு வந்தது என்று கொள்ளலாம். குரோமியம் பழகிய கண்களுக்குப் பிளாஸ்டிக் பம்பர் புதுமையாக இருந்தது. துருப்பிடிக்காது என்பதே அதற்குக் கிடைத்த பெரும் புகழ்மொழி. பிற்காலத்தில் விலை கூடிய மாடல்களுக்கு வண்டியின் நிறத்திலேயே பம்பரும், அடிப்படை மாடல்களுக்கும் வாடகை வண்டிகளுக்கும் கறுப்பு பம்பரும் என்று ஒரு வகைப்பாடு ஏற்பட்டு, கருவிளிம்பு எளிமையின் சின்னமாயிற்று. அதே கருவிளிம்பு இன்று சக்கர வளைவுகளையும் கதவுகளின் அடிப்பாகத்தையும் சுற்றிய கவசமாக, பல லட்ச ரூபாய் கிரயமுள்ள உயரமான வண்டிகளுக்கு முரட்டு அழகாகக் கருதப்படுகிறது. மதிப்பு ஏறியது, வெயில் மட்டும் தயவு காட்டவில்லை.

நிற்க, கறுப்பு ஏன் வெளுக்கிறது என்பதை ஆராய்ந்தால், ஆச்சரியமான உண்மை ஒன்று வெளிப்படும்: கறுப்பு வெளுப்பதே இல்லை. புகைக்கரிக்குச் சூரிய ஒளியால் அழிவில்லை. நீர்க்குழாய்களுக்கான கறுப்புப் பாலிதீனில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் அதைச் சேர்ப்பதே வெயிலிலிருந்து குழாயைக் காப்பதற்காகத்தான். அழிவது கரியைத் தாங்கிநிற்கும் பிளாஸ்டிக். பாலிபுரொப்பிலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில், ஒன்றுவிட்டு ஒரு கரி அணுவில் எளிதில் பிரியக்கூடிய ஹைட்ரஜன் ஒன்று அமைந்திருக்கிறது. சூரியனின் புறஊதாக் கிரணங்களும் காற்றின் பிராணவாயுவும் அவ்விடத்தைத் தாக்கிச் சங்கிலியைத் துண்டிக்கின்றன. துண்டுபட்ட மேற்படலம் சுருங்கி, கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகளாகப் பிளந்து, பொடியாக உதிர்கிறது. விறைப்புக்காகச் சேர்த்த மாக்கல் பொடியும் வெளியே தலைகாட்டுகிறது. வழவழப்பான பரப்பில் விழும் ஒளியைக் கரி விழுங்கிவிடும். வெடித்த பரப்பிலோ ஒளி நாலாபுறமும் சிதறி, கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தோன்றும். வெளிறிய பம்பர் ஒன்றை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். நீர் வெடிப்புகளை நிரப்பிய மாத்திரத்தில் பழைய கருமை திரும்பி, நீர் உலர்ந்ததும் மறைந்துவிடும். இந்நோயைத் தடுக்க 1970-கள் முதல் அமீன் வகையைச் சேர்ந்த ஒளிக்காப்புச் சேர்மங்களைப் பிளாஸ்டிக்கிலேயே கலந்து வருகிறார்கள். அதனால் ஆயுள் நீண்டது, அமரத்துவம் வாய்க்கவில்லை.

பரிகாரங்களின் வரலாறும் இந்த உண்மையைச் சுற்றியே நடந்திருக்கிறது. தேங்காயெண்ணெயும் டீசல் நனைத்த துணியும் பூட்ஸ் பாலிஷும் நம் ஷெட்டுகளில் வெகுகாலம் ஆண்டன. அவை வெடிப்பை நிரப்பி ஒருநாள் கருமை தந்து, மறுநாள் தெருப்புழுதியையெல்லாம் ஈர்த்துக்கொண்டன. டீசலோ பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் தீங்கே செய்தது. கலிபோர்னியாவில் 1960-களில் உருவாகி 1972-க்குப் பிறகு ஆர்மர் ஆல் என்ற பெயரில் புகழ்பெற்ற திரவமும், அதன் வழிவந்த பலவும் சிலிக்கோன் எண்ணெயை நம்பின. எண்ணெயினும் நெடிது நிற்கும் குணமுடைய அது, பெயிண்டருக்கு மட்டும் பரம சத்துரு. அதன் சுவடு எஞ்சிய இடத்தில் புதுப் பூச்சு ஒட்டாமல் வட்ட வட்டமாகக் குழி விழும். வெப்பத் துப்பாக்கியால் பரப்பைச் சூடேற்றிக் கருமையை மீட்கும் முறை கண்ணுக்கு மாயவித்தைபோல் தோன்றினாலும், சிதைந்த படலத்தை உருக்கி மூடுவதன்றிப் புதிய காப்பு எதையும் தருவதில்லை. ஆகவே பலன் சில மாதங்களே நிற்கும், கை தவறினால் பம்பரே நெளிந்துபோகும். சாயம் கலந்த திரவங்களும், இறுகிக் கெட்டியாகும் சிலிக்கா வகைப் பூச்சுகளும் அண்மைக் காலத்து வரவு; இவற்றுள் நெடுநாள் உழைப்பது பின்னதே.

எந்த மருந்தானாலும் அதன் பலன் முன்னேற்பாட்டில்தான் இருக்கிறது. நல்ல கைக்காரன் ஒருவன் இவ்வேலையைச் செய்யும்போது அருகே நின்று பார்ப்பது ஒரு கல்வி. அவன் வண்டியை நிழலில் நிறுத்தி, பரப்பு ஆறும்வரை பொறுத்திருக்கிறான். பூச்சோடு சேரும் ஓரங்களில் நாடா ஒட்டுகிறான். சோப்பு நீரும் மென்மையான பிரஷும் கொண்டு, சொரசொரப்பான குழிகளில் தங்கிய பழைய வாக்ஸின் வெண்சுவடுகள் நீங்கும்வரை தேய்க்கிறான். உலர்ந்தபின் சாராயவகைக் கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, துணியில் கறை படிவது நின்ற பிறகே மருந்துப் புட்டியைத் திறக்கிறான். சிறிது சிறிதாகப் பஞ்சில் எடுத்து ஒரே சீராகத் தடவி, மிகுந்ததை உடனே ஒற்றியெடுத்து, ஒரு பகல் முழுவதும் நீர் படாமல் வைக்கிறான். இதில் பெரும்பங்கு நேரம் அழுக்கு நீக்குவதற்கே செலவாகிறது. அவசரக்காரர்கள் கைவிடுவதும் அந்தப் பங்கைத்தான்.

இவ்வளவு காலத்து அனுபவத்தையும் சேர்த்து நோக்கினால் கிடைக்கும் முடிவு ஒன்றே. தோலும், குரோமியமும், பிளாஸ்டிக்கும் வெவ்வேறு பொருள்கள். ஆயினும் மூன்றும் மனிதனிடம் கேட்டது ஒரே பணிவிடையை. பராமரிப்பு வேண்டாத பொருள் என்று ஒன்றை மனிதன் இதுகாறும் செய்ததில்லை. அப்படிச் சொல்லி விற்றவர்களை நம்பியவர்களின் வண்டிகளே முதலில் சாம்பல் பூத்தன. வெடித்த பரப்பை மறைக்கலாமேயன்றி அறுந்த மூலக்கூறை மீண்டும் இணைக்க முடியாதாகையால், வெளுத்த பின் மீட்பதைவிட வெளுக்கும் முன் காப்பதே அறிவுடைமை. ஆகவே வண்டி வைத்திருக்கும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் இது: கூடியவரை நிழலில் நிறுத்துங்கள், மாதம் இருமுறை புழுதியைக் கழுவுங்கள், கறுப்பு கறுப்பாக இருக்கும் முதல் ஆண்டிலேயே காப்புப் பூச்சைத் தொடங்கி, ஒவ்வொரு சித்திரை வெயிலுக்கும் முன்னதாக அதைப் புதுப்பித்து வாருங்கள். பம்பரைக் கழற்றி எறிந்து புதிது வாங்கும் செலவோடு ஒப்பிட்டால், இதற்கு ஆகும் பொருளும் பொழுதும் அற்பமே.