குண்டூசி ஃபேக்டரியும் ஆஸ்பத்திரி வார்டும்

ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய குண்டூசிக் கதை காமர்ஸ் படிக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். ஒருவர் கம்பியை நீட்டுவார், ஒருவர் வெட்டுவார், ஒருவர் கூராக்குவார்... இப்படிப் பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரே நாளில் 48,000 ஊசி! சரி, ஊசி இருக்கிற இடத்தில் ஒரு நோயாளி இருந்தால்?

இந்தக் கேள்வி ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் புதிதல்ல. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-ல் லண்டனில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். நம் பக்கம் வேலூரில் ஐடா ஸ்கடரின் ஆஸ்பத்திரியில் 1909-ல் நர்ஸிங் பள்ளி வந்தது. 1946-ல் அங்கேயே பட்டப்படிப்பும் வந்தது. ஆனால் அதே 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கை சொன்ன கணக்கைப் பாருங்கள்: நாடு முழுவதும் சுமார் 7,000 நர்ஸ்கள். அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர்!

ஆள் இவ்வளவு குறைவு என்றால் வேலையைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி? ஒரு சிஸ்டர் வார்டு முழுக்க ஊசி போடுவார். இன்னொருவர் காய்ச்சலும் பிரஷரும் பார்ப்பார். மற்றவர் கட்டு மாற்றுவார். இதற்கு ஃபங்ஷனல் நர்ஸிங் என்று பெயர். வேலை மளமளவென்று நடக்கும். ஆனால் ஒரு நோயாளியை முழுதாகத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்.

இதற்கு மாற்றாக 1950-களில் அமெரிக்காவில் டீம் நர்ஸிங் பரவியது. சில நர்ஸ்கள் சேர்ந்து சில நோயாளிகளைப் பார்ப்பது. 1969-ல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் மேரி மான்தி என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இன்னும் ஒரு படி போனார்கள். அட்மிஷன் முதல் டிஸ்சார்ஜ் வரை ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் பொறுப்பு. அவர் ட்யூட்டி முடிந்து போனாலும் அடுத்தவர் அவர் போட்ட திட்டப்படிதான் நடக்க வேண்டும். பிரைமரி நர்ஸிங் என்பது இதுதான்.

அப்படியானால் குண்டூசி முறை தோற்றுவிட்டதா? இல்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, 1997-ல் கோயமுத்தூருக்கும் வந்தது. கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருஷம் அவர்களே பயிற்சி கொடுத்து, பார்வை சோதிக்க, வார்டைப் பார்க்க, தியேட்டரில் உதவ, ஆலோசனை சொல்ல என்று பிரித்து விடுகிறார்கள். டாக்டர் ஒருவருக்கு ஆபரேஷன் செய்யும்போதே பக்கத்து டேபிளில் அடுத்தவர் தயார்! இங்கே அது ஜெயிக்கக் காரணம், பெரும்பாலும் ஒரே மாதிரியான கண்புரை ஆபரேஷன். நோயாளியும் சீக்கிரம் வீடு திரும்பிவிடுவார்.

பொது வார்டு அப்படி இல்லையே. எழுபது வயதுக்காரர், சர்க்கரை, பிரஷர், கூடவே இடுப்பு எலும்பு முறிவு. இவரைத் துண்டு துண்டாகப் பார்த்தால் சரிவராது. ஆனால் முழுதாகப் பார்க்க ஆள் வேண்டும். இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ். நல்ல கணக்குத்தானே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட். அப்போது ஒரு ஷிஃப்டில் ஒருவருக்கு 9 படுக்கை! மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 படுக்கைக்கு ஒருவர் என்பது 15 ஆகிவிடும். அதுவும் எல்லா இடமும் நிரம்பியிருந்தால்தான்.

மீதி வேலையை யார் செய்கிறார்கள்? "சிஸ்டர், பாட்டில் முடியப் போகுதுங்க" என்று ஓடி வருகிறாரே, அந்த மனைவியோ மகனோதான். சாப்பாடு ஊட்டுவது, பாத்ரூம் கூட்டிப் போவது, ராத்திரி முழித்திருப்பது எல்லாம் அவர்கள் கணக்கில். தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகாமல் அவர்கள் இழக்கிற கூலி எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் வராது, எந்த லெட்ஜரிலும் ஏறாது.

எந்த முறை நல்லது என்று எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். ஆனால் ராத்திரி ஷிஃப்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. என்ன சொல்கிறீர்கள் நண்பர்களே?