கடும் வைரஸ் நுரையீரல் நோயில் ஆக்சிஜனேற்ற அழுத்தம்

இன்ஃப்ளூயன்சா, கொரோனா போன்ற வைரஸ்கள் நுரையீரலின் அடிவரை இறங்கிவிட்டால், அங்கே நிகழும் சேதம் முழுவதும் வைரஸின் கைவேலை அல்ல. அதை அழிக்கத் திரளும் வெள்ளணுக்கள் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு முதலிய வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களைக் கொட்டுகின்றன. அவற்றை அடக்கும் நொதிகளும் குளுட்டாதையோன் போன்ற காப்புப் பொருள்களும் ஈடுகொடுக்க முடியாமல் தோற்கும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இது.

உயிர் காக்கும் ஆக்சிஜன் நுரையீரலைப் புண்ணாக்கவும் செய்யும் என்பதை 1899-இலேயே ஜேம்ஸ் லோரைன் ஸ்மித் விலங்குகளில் காட்டினார். காரணம் புலப்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேக்கா கெர்ஷ்மன் 1954-இல், ஆக்சிஜன் நஞ்சும் எக்ஸ் கதிர்களும் ஒரே வழியில், ஃப்ரீ ராடிக்கல்கள் மூலமாக, உடலைத் தாக்குகின்றன என்றார். 1938-இல் மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட, செம்பு கலந்த ஒரு புரதத்துக்கு உடலில் என்ன வேலை என்று முப்பது ஆண்டுகளாக விளங்கவில்லை. சூப்பராக்சைடைச் செயலிழக்கச் செய்யும் நொதி அதுதான் என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் நிறுவினர். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்பது அதன் பெயர். கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் வேண்டுமென்றே சூப்பராக்சைடைத் தயாரிக்கின்றன என்பது 1973-இல் தெரியவந்தது.

இவற்றை வைரஸ் நோயோடு முடிச்சுப் போட்ட பெருமை ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகக் குழுவுக்கு உரியது. ஹிரோஷி மயேடா, தகாகி அகாய்கே முதலியோர் இன்ஃப்ளூயன்சா தொற்றிய எலிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை ஆராய்ந்தனர். அதில் சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதி தாறுமாறாகப் பெருகியிருந்தது. யூரிக் அமிலம் உருவாகக் காரணமான அந்த நொதி, வேலையோடு வேலையாகச் சூப்பராக்சைடையும் உமிழும். டிஸ்மியூட்டேஸை ஊசியில் ஏற்றினால் அது சிறிது நேரத்திலேயே இரத்தத்தைவிட்டு நீங்கிவிடும். ஆகவே அதை ஒரு பாலிமரோடு பிணைத்து நீடிக்கச் செய்தார்கள். தொற்றிய 5 முதல் 8 நாள்களுக்குள் அதைச் செலுத்தியபோது, மடிந்திருக்க வேண்டிய எலிகள் பிழைத்தன. 1989-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான இந்த ஆய்வு இத்துறையின் அடிக்கல். யூரிக் அமிலத்தைக் குறைக்க இன்றும் மருத்துவர்கள் எழுதித் தரும் அலோபியூரினாலும் அந்த எலிகளுக்கு உதவியது. 1996-இல் அதே குழு, சூப்பராக்சைடு நைட்ரிக் ஆக்சைடுடன் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்னும் மேலும் கொடிய சேர்மமாகி எலிகளின் நுரையீரலைத் தாக்குவதற்குத் தடயம் காட்டியது.

சேதம் நடக்கும் இடம் மிக மெல்லியது. காற்று நுண்ணறைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவரின் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. அங்கே குவியும் நியூட்ரோஃபில் வகை வெள்ளணுக்களில் உள்ள மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடையும் குளோரைடையும் கொண்டு ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்கிறது. பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். நெஞ்சுச் சளி பச்சையாக இருப்பதற்குக் காரணமும் இந்த நொதியின் நிறமே. நுண்ணறை சுருங்கிவிடாமல் காக்கும் கொழுப்புப் படலம் ஆக்சிஜனேற்றத்தால் கெட்டால், அறைகள் மூடிக்கொள்கின்றன. சுவர் கசிந்து நீர் கோத்துக்கொள்கிறது. 2008-இல் ‘செல்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பே டிஎல்ஆர்-4 என்ற ஏற்பியைத் தட்டியெழுப்பி அழற்சியை மேலும் வளர்க்கிறது என்று காட்டியது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுழல்தான் நோயாளியை ஏஆர்டிஎஸ் எனப்படும் கடும் மூச்சுத்திணறலுக்குத் தள்ளுகிறது. 1967-இல் ‘லான்செட்’ இதழ் முதன்முதலாக 12 நோயாளிகளைக் கொண்டு விவரித்த நிலை அது.

இயல்பான நுரையீரலின் உட்பரப்பு நீரில் குளுட்டாதையோன் இரத்தப் பிளாஸ்மாவில் உள்ளதைப்போல் 100 மடங்குக்கும் மேல் இருக்கும். ஏஆர்டிஎஸ் நோயாளிகளிடம் அது வற்றிப்போகிறது. மூச்சுத்திணறலுக்கு வேறு வழியின்றிக் கொடுக்கும் அடர் ஆக்சிஜனும் சுமையைக் கூட்டக்கூடும்.

சிகிச்சையில் எலிகள் தந்த நம்பிக்கையை மனிதர்கள் உறுதிப்படுத்தவில்லை. இத்தாலியில் பெரும்பாலும் முதியவர்களான 262 பேரிடம் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்தை உட்கொண்டவர்களுக்கு இன்ஃப்ளூயன்சா தொற்று குறையவில்லை, அறிகுறிகள் மட்டும் வெகுவாகக் குறைந்தன. கொரோனா காலத்தில் பிரேசிலில் கடுமையாக நோயுற்ற 135 பேரிடம் அதே மருந்து அதிக அளவில் சோதிக்கப்பட்டது, பலனில்லை. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றிய வைட்டமின் சி-யும் 2023-இல் வெளியான முடிவுகளின்படி கைகொடுக்கவில்லை. உண்மையில் உயிர் காத்தது, கொட்டிய நஞ்சைத் துடைக்கும் மருந்து அல்ல, அதைக் கொட்டச் செய்யும் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு. பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வில் டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் ஏதும் இல்லை.