பரிசம்: வந்த வழியும் திரும்பிய வழியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து மலையேறினால் வெள்ளிமலை. கல்வராயன்மலை வட்டத்துக்கு அதுதான் தலைமையிடம். சுற்றியுள்ள ஊர்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். தமிழ் பேசும் மலைவாசிகள் இவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று உடன்பிறப்புகளின் வழியில் வந்தவர்கள் என்பது இவர்களிடம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. மலையாளிகளின் கல்யாணத்தில் கொடுக்கும் கை மாப்பிள்ளை வீட்டாருடையது, வாங்கும் கை பெண் வீட்டாருடையது. அந்தக் கொடைக்குப் பெயர் பரிசம்.

பரியம் என்றும் அதே சொல் வழங்குகிறது. சகரமும் யகரமும் தமிழில் அடிக்கடி இடம் மாறிக்கொள்ளும். முயலை முசல் என்கிறோம், உயிரை உசிர் என்கிறோம், நேசமும் நேயமும் ஒன்றுதான். பரிசம், பரியம் இரண்டும் அந்த வரிசையில் சேரும். புலவருக்கு மன்னன் தந்த பரிசிலும், பள்ளி விளையாட்டு விழாவில் தரும் பரிசும் பக்கத்து வீட்டுச் சொற்கள். தொடுதல் என்று பொருள்படும் வடமொழி ஸ்பரிசத்தோடு இதை முடிச்சுப் போடுவோரும் உண்டு. ஆனால் கொடை என்ற பொருள் தமிழுக்குள்ளேயே இவ்வளவு அழுத்தமாகக் கிடக்கும்போது அந்தச் சுற்றுவழி தேவையா என்பது கேள்வி.

சமவெளியில் இந்தச் சொல் இன்றும் சாகவில்லை. ‘பரிசம் போட்டாச்சு’ என்றால் பெண் பேசி முடித்தாயிற்று என்று அர்த்தம். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், தேங்காய் பழம், பூ, ஒரு புடவை, அதன் மேல் கொஞ்சம் ரூபாய். பல சாதிகளில் அந்தத் தட்டைக் கைமாற்றும்போது ஒரு வாய்ப்பாடு சொல்வது வழக்கமாக இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார், “பணம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு” என்பார். பெண்ணின் தகப்பனார், “பணம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு” என்று வாங்கிக்கொள்வார். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளைப் புரட்டினால் வேறு வேறு சாதிகளின் கீழ் இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வரும். சபை கேட்க அதைச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் பின்வாங்க முடியாது. பத்திரம் எழுதாத காலத்தில் அதுவே பத்திரம்.

இந்தச் சொல் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது, அதுவும் வியப்பான ஓர் இடத்தில். புறநானூற்றின் 343-ஆம் பாட்டு பரணர் பாடியது. சேரனின் முசிறித் துறையை அவர் காட்டுகிறார்: மீனைக் கொடுத்து நெல் வாங்குகிறார்கள், மிளகு மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன, கடலில் நிற்கும் கலங்கள் தந்த பொன்னைக் கழித்தோணிகள் கரைக்குக் கொண்டுவருகின்றன. அந்தப் பொன்னுக்குப் பரணர் வைத்த பெயர் பொற்பரிசம். இங்கே அதற்குக் கல்யாணப் பணம் என்ற பொருள் இல்லை. பொன்னாகிய பொருள் என்பதே உரை. ஆனால் பாட்டு எதைப் பற்றியது? மகட்பாற்காஞ்சி, அதாவது மன்னர் பெண் கேட்டு வரத் தகப்பன் மறுக்கும் துறை. முசிறியையே ஒத்த செல்வத்தைப் பணிந்து கொடுத்தாலும் தகுதியில்லாதவனை இவள் மணக்கமாட்டாள் என்று சொல்லித் தகப்பன் பெண்ணைக் கொடுக்காமல் நிற்கிறான். சொல்லும் பெண்கேட்பும் ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, இன்னும் ஒட்டிக்கொள்ளவில்லை.

பொன் இல்லாதவன் என்ன செய்வான்? அகநானூற்றின் 280-ஆம் பாட்டில் அம்மூவனாரின் தலைவன் அதைத்தான் யோசிக்கிறான். பெருநிதி கொடுத்தாலும் கிடைக்கமாட்டாள் போலிருக்கிறது. சொந்த ஊரை விட்டுவிட்டு அவள் தகப்பனோடு உப்பளத்திலும் கடலிலும் உழைத்து, பணிந்து, பக்கத்திலேயே கிடந்தால் ஒருவேளை தருவானோ என்று கணக்குப் போடுகிறான். பணத்துக்குப் பதில் உடலுழைப்பு. பரிசத்தின் இன்னொரு முகம் இது.

முசிறிக்குப் பொன்னோடு வந்தவர்கள் யவனர் என்கிறது அகநானூறு. அந்த யவனரில் கிரேக்கர் உண்டு. அவர்களுடைய மிகப் பழைய காப்பியங்களிலும் பரிசம் உண்டு. ஹோமரின் இலியட், ஒடிசி இரண்டிலும் அதற்குப் பெயர் ‘ஹெட்னா’. பெண் கேட்பவன் பெண்ணின் தகப்பனுக்குக் கொண்டுபோகும் ஆடு, மாடு, பொருள் எல்லாம் அதில் அடங்கும். நிறையப் பெண் பிள்ளைகளைப் பெற்றவன் தலையில் துண்டு போட்டு உட்காரவில்லை. கல்யாண வயதுப் பெண்களுக்கு இலியடில் ‘அல்ஃபெசிபோயா’ என்று ஓர் அடைமொழியே இருக்கிறது: மாடு கொண்டுவந்து தருபவள்.

இலியடின் பதினோராம் பகுதியில் இஃபிடமஸ் என்றொரு இளைஞன். தாய்வழித் தாத்தா வீட்டில் வளர்ந்தவன். தாத்தா தன் மகளையே அவனுக்குக் கட்டிவைக்கிறார். நம் ஊர்க் கணக்கில் அவள் அவனுக்குச் சின்னம்மா முறை. வெள்ளிமலையிலும் சரி, வேறெங்கும் சரி, இந்தக் கல்யாணம் நடக்காது. வளர்த்த தாத்தாவானாலும் பரிசத்தில் தள்ளுபடி இல்லை. நூறு மாடு ரொக்கம்போல முன்னால் கொடுத்தாயிற்று, ஆடும் செம்மறியுமாக ஆயிரம் பிறகு தருவதாக வாக்கு. கல்யாணம் முடிந்த சூட்டோடு டிராய்ப் போருக்குக் கிளம்புகிறான். அகமெம்னோன் கையில் சாகிறான். இவ்வளவு கொடுத்தும் அவளோடு வாழக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஹோமர் அங்கேயே நின்று மாட்டுக் கணக்கைச் சொல்கிறார். ஒரு வீரனின் சாவுக்கு இதைவிட வீட்டுத்தனமான ஒப்பாரி காப்பியத்தில் அரிது.

இன்னொருவன் ஓத்ரியோனியஸ். டிராய் மன்னன் மகள் கசாண்ட்ராவை ஹெட்னா இல்லாமலே கேட்டான். பதிலுக்குக் கிரேக்கரை விரட்டித் தருகிறேன் என்றான். அம்மூவனாரின் தலைவன் உப்பளத்தில் செய்ய நினைத்ததை இவன் போர்க்களத்தில் செய்ய வந்தான். இடோமெனியஸ் அவனைக் கொன்று, காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே, எங்களோடு வா, நாங்களும் பெண் தருகிறோம் என்று கேலி பேசுகிறான்.

இது விலையா? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒடிசியில் யூரிக்லியா என்ற பணிப்பெண்ணை இருபது மாட்டு மதிப்புக்கு வாங்கியதாக வருகிறது. இலியடின் மல்யுத்தப் போட்டியில் தோற்றவனுக்குத் தரும் அடிமைப்பெண்ணின் மதிப்பு நான்கு மாடு. அங்கெல்லாம் ஹோமர் ஹெட்னா என்ற சொல்லைத் தொடுவதில்லை. வரலாற்றாசிரியர் மோசஸ் ஃபின்லி 1955-இல் எழுதிய கட்டுரையில் இதை வலியுறுத்தினார்: ஹோமரில் கல்யாணம் விற்பனை அல்ல, கொடையும் எதிர்க்கொடையும் கொண்ட உறவு. பரிசத்தைப் ‘பெண்ணை விற்பது’ என்று மலைமக்களைப் பார்த்து எழுதிய சமவெளிக்காரர்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் செய்தது இந்தக் குழப்பம்தான். கிரேக்கத்திலும் அது நடந்தது. முந்தைய கிரேக்கர் ஒருவரிடமிருந்து ஒருவர் மனைவியரை விலைக்கு வாங்கினார்கள் என்று அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலில் முகம் சுளிக்கிறார். நகரத்துக்காரருக்கு எப்போதும் பழைய வழக்கம் காட்டுமிராண்டித்தனம்.

அதற்காகப் பரிசம் பெண்ணுக்குக் கிரீடம் சூட்டியது என்றும் எழுதிவிட முடியாது. கைமாறும் பொருள் ஆணிடமிருந்து ஆணுக்குப் போகிறது. ஒடிசியில் கொல்லன் தெய்வமான ஹெஃபைஸ்டஸ், மனைவி அஃப்ரோடைட்டி போர்த்தெய்வத்தோடு இருக்கும்போது வலை வீசிப் பிடித்துவிடுகிறான். தெய்வங்களைக் கூட்டி அவன் வைக்கும் முதல் கோரிக்கை என்ன தெரியுமா? பெண்ணுக்காக நான் கொடுத்த ஹெட்னாவை மாமனார் திருப்பித் தர வேண்டும். அதுவரை இருவரையும் அவிழ்த்துவிடமாட்டேன். பரிசம் வாங்கும் நம் ஊர்ச் சமூகங்கள் பலவற்றின் பஞ்சாயத்தும் இந்த வழியில் போவதுதான். பெண் புருஷனை விட்டு விலகினால் பரிசத்தைத் திருப்பு. வேறொருவனைக் கட்டிக்கொண்டால் அவன் பழையவனுக்குக் கட்டட்டும். கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. அந்த அளவுக்கு அவளுக்கு வெளியே போக ஒரு கதவு இருந்தது; சாவி அவள் கையில் இல்லை.

போருக்குப் போன கணவன் ஒடிசியஸ் திரும்பாததால் கைம்பெண்போலத் தவிக்கும் பெனலோப்பியின் கதையில், மாப்பிள்ளை தருவது, பெண் வீடு தருவது என்ற இரண்டு திசையும் மோதுகின்றன. அம்மாவை அவள் தகப்பன் வீட்டுக்கு அனுப்பினால் தாத்தா இக்காரியஸுக்குச் சீராக வந்த பெரிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்குமே என்று மகன் டெலிமாக்கஸ் கவலைப்படுகிறான். பெனலோப்பியோ, பெண் கேட்டு வருபவர்கள் மாடும் ஆடும் பரிசும் கொண்டுவருவதுதானே முறை, நீங்கள் என் வீட்டையே தின்றுகொண்டிருக்கிறீர்களே என்று இடித்துரைக்கிறாள். உடனே ஒருவன் பன்னிரண்டு ஊசி பதித்த ஆடை வரவழைக்கிறான், ஒருவன் பொற்சங்கிலி, ஒருவன் காதணி. திரும்பி வந்து மாறுவேடத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒடிசியஸுக்கு உள்ளூர மகிழ்ச்சி. காப்பியம் முழுவதிலும் வரன்களிடமிருந்து பைசா தேற்றியவள் அவள் ஒருத்திதான்.

ஹெட்னாவும் சீரும் ஒரே காப்பியத்தில் இப்படிக் கலந்துகிடப்பதைப் பார்த்து, ஹோமர் காட்டுவது ஏதோ ஒரு காலத்துச் சமூகத்தை அல்ல, பல காலத்தின் கலவையை என்று ஆன்டனி ஸ்னாட்கிராஸ் 1974-இல் வாதிட்டார். பிற்கால ஏதென்ஸில் ஹெட்னா மறைந்து, பெண்ணோடு அனுப்பும் சீதனம் நிலைத்துவிட்டது. விவாகரத்தானால் கணவன் அதைத் திருப்ப வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

தமிழகத்தில் திசை மாறியதற்கு ஒரு கல்லே சாட்சி. வேலூருக்குப் பக்கத்தில் விரிஞ்சிபுரம் கோயிலில் 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. விஜயநகரத்துத் தேவராயன் காலம். படைவீட்டு ராச்சியத்து அந்தணர்கள், கன்னடர் தமிழர் தெலுங்கர் எல்லோரும் கூடி, இனி பெண்ணைக் கன்னிகாதானமாகவே கொடுப்போம், பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் பொன் வாங்கிப் பெண் கொடுப்பவரும் அரச தண்டனைக்கு ஆளாவார்கள், சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவார்கள் என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அந்தணர் வீடுகளிலேயே பெண்ணுக்குப் பொன் வாங்குவது நடந்திருக்காவிட்டால் இந்தத் தடைக்கு வேலை இல்லை. வழக்கம் உடனே ஒழிந்ததா? 1892-இல் விஜயநகரத்தில், ஆந்திரத்து விஜயநகரத்தில், மேடையேறிய குரஜாட அப்பாராவின் ‘கன்யாசுல்கம்’ நாடகம், பணம் வாங்கிக்கொண்டு சிறுமிகளைக் கிழவர்களுக்குக் கட்டிக்கொடுத்த அந்தண வீடுகளைத்தான் தோலுரித்தது. பரிசத்தின் இருண்ட பக்கத்தை அறிய வேண்டுமானால் அந்த நாடகம் போதும்.

தானம் என்று ஆனபிறகு தட்சணை பின்னாலேயே வரும். வரனுக்குத் தட்சணை, வரதட்சணை. அந்தச் சொல் சமவெளி முழுக்கப் பரவ, பரிசம் என்பது தட்டின் மேல் வைக்கும் சடங்குப் பணமாகச் சுருங்கியது. பவுன் கணக்கும் வண்டிக் கணக்கும் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கின. “பணம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு” என்ற பழைய வாய்ப்பாட்டை இன்று மாப்பிள்ளை வீட்டார் நேர்மையோடு சொல்ல வேண்டுமானால், பணமும் எங்களுக்கு, பொண்ணும் எங்களுக்கு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணைக்குத் தரும் விளக்கத்தில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்ற பாகுபாடே கிடையாது. திருமணத்தை ஒட்டி ஒரு தரப்பு மறு தரப்புக்குத் தரும், அல்லது தர ஒப்புக்கொள்ளும், எந்தச் சொத்தும் அதற்குள் வந்துவிடும். முஸ்லிம் திருமணத்தில் மணமகன் மணமகளுக்குத் தரும் மகருக்கு மட்டும் அந்த விளக்கத்திலேயே விலக்கு எழுதியிருக்கிறார்கள். பரிசத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.