செக்கும் பாண்டாவும்

உங்கள் செக் புத்தகத்தில் ஒரு தாளைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். (சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்!) அசலில் கண்ணுக்குத் தெரியாத 'வாய்ட்' அல்லது 'காப்பி' என்ற எழுத்து நகலில் பளிச்சென்று வரும். ரிசர்வ் வங்கியின் சிடிஎஸ்-2010 விதிப்படி அச்சடித்த நுண்கோடுகளின் வேலை அது. கண் பார்ப்பது ஒன்று, மெஷின் பார்ப்பது வேறொன்று.

இதே வித்தையைத் திருடன் கற்றுக்கொண்டால்?

செக்கில் எழுதிய தொகையை நியூரல் நெட்வொர்க் படிப்பது பழைய கதை. யான் லகூன் குழுவினர் பெல் ஆய்வகத்தில் செய்த நிரல் தினமும் பல மில்லியன் செக்குகளைப் படிப்பதாக 1998லேயே எழுதினார்கள். 2013ல்தான் கூகிள் ஆட்கள் குண்டைப் போட்டார்கள். படத்தின் புள்ளிகளை, நமக்குத் தெரியாத அளவுக்கு, கணக்குப் போட்டு நகர்த்தினால் மெஷின் ஏமாந்துவிடும். அடுத்த வருடம் குட்ஃபெலோ காட்டிய பாண்டா படத்தை மெஷின் 99.3 சதவீத நம்பிக்கையோடு 'கிப்பன் குரங்கு' என்றது! சந்தேகம் துளியும் இல்லாமல் தப்பாகச் சொல்வதுதான் என்னைப் போன்ற வங்கிக்காரனுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தற்காப்புகள் வரிசையாக வந்தன, வரிசையாக விழுந்தன. 2018ல் அதல்யே, கார்லினி, வாக்னர் மூவரும் புதிதாக வந்த ஒன்பதைச் சோதித்தார்கள். ஏழு, எந்தப் புள்ளியை நகர்த்தினால் பதில் மாறும் என்ற கணக்கை மறைத்தவை மட்டுமே. பூட்டுப் போடாமல் சாவித் துவாரத்தில் பேப்பர் ஒட்டுவது மாதிரி. ஆறு முழுசாகக் காலி, ஒன்று பாதி. நம் பெங்களூர் ஐஐஎஸ்சியில் வெங்கடேஷ் பாபு குழுவினரும் இந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஆடியவர்கள். 2017ல், மெஷின் படித்த படங்கள் ஒன்றுகூடக் கையில் இல்லாமலே அதை ஏமாற்றும் வழி காட்டினார்கள். 2020ல் தற்காப்பைக் கறாராகச் சோதிக்கும் முறை ஒன்றைத் தந்தார்கள்.

ஓரளவு நின்றது ஒன்றுதான். புதுக் கேஷியருக்குக் கள்ள நோட்டைக் காட்டிப் பழக்குவது போல, கெடுத்த படங்களையே கொடுத்துப் பயிற்சி. எம்ஐடியின் மாத்ரி குழு 2017ல் சிறு படங்களில் இப்படிச் செய்தது. சாதாரணப் படத்தில் சுமார் 87 சதவீதம் சரி, தாக்குதலில் 46தான்.

46ஐ வைத்துக்கொண்டு யார் பணம் கொடுப்பது? சிடிஎஸ்ஸில் செக் பயணம் செய்வதில்லை, அதன் படம்தான் போகிறது. அதனால்தான் எனக்கு 2021 ஜனவரி 1ல் வந்த பாசிட்டிவ் பே பிடிக்கும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக் என்றால், கொடுத்தவரே தேதி, பெயர், தொகையைத் தனியாக வங்கிக்குச் சொல்லலாம். படத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். படத்தில் எவன் என்ன புள்ளியை நகர்த்தினாலும் இந்தத் தகவலைத் தொட முடியாது.

ஊரில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ஏண்டா, நான் எழுதின செக்கை நானே இன்னொரு தரம் எழுதிக் கொடுக்கணுமா?" என்றார். ஆமாம்ப்பா, கொடுக்கணும்.